பின்னிருக்கையில் ஓர் இடது கால்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்தது தைப்பூசத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, காலை ஆறு நாற்பதுக்கு. நேரம் தெரியக் காரணம், அவர் வேலைக்குக் கிளம்புவது எப்போதும் ஆறு நாற்பதுக்குத்தான். வாசலில் தன் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினார். அது கிளம்பிய சத்தம் கேட்டது, ஆனால் தெருவைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்கவில்லை. நெடுநேரம் ஒரே இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது. வெளியே வந்து பார்த்தேன். வலது கையால் ஹேண்டலைப் பிடித்தபடி வண்டியின் மேல் சாய்ந்து நின்றிருந்தார்.

"என்னன்னு தெரியல, கால் வரமாட்டேங்குது," என்றார். குரலில் பயமில்லை. ஏதோ ஓர் உதிரி பாகம் பழுதான மாதிரி சொன்னார்.

பதினொரு நாட்கள் மருத்துவமனையில் இருந்தோம். பேச்சு கொஞ்சம் குழறியது, பிறகு தெளிந்தது. இடது கையும் இடது காலும் தெளியவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர் ஒன்றைத் திருத்தமாகச் சொன்னார். முதல் ஆறு மாதங்கள்தான் முக்கியம். நரம்புகள் மறந்ததைத் திரும்பக் கற்றுக்கொள்வது பெரும்பாலும் அதற்குள்தான் நடக்கும். வாரம் இரண்டு நாள், செவ்வாயும் வியாழனும், உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அழைத்து வர வேண்டும். தவறவிடக் கூடாது.

தேதிகளைக் குறித்துவைப்பது என் பழக்கம். தமிழ்ப்பள்ளி அலுவலகத்தில் இருபத்தேழு ஆண்டுகள் பதிவேடு எழுதும் கிராணியாக இருந்ததால் வந்த பழக்கமா, அதற்கு முன்பே இருந்ததா, சொல்லத் தெரியவில்லை. எங்கள் தோட்டத்து லயங்களை எந்த மாதம் இடித்தார்கள், இந்தத் தாமான் குடியிருப்புக்கு முதலில் வந்த குடும்பம் எது, கோயில் கூரை எப்போது மாறியது என்பதெல்லாம் என் நோட்டுப் புத்தகங்களில் இருக்கின்றன. யாராவது திதி கொடுக்க வேண்டுமென்றால் இறந்த தேதியைக் கேட்டு என்னிடம் வருவார்கள். அதனால் மருத்துவர் ஆறு மாதம் என்று சொன்னதும் வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் காரியம் காலண்டரைப் புரட்டியதுதான். பந்தய நாட்களில் குதிரைப் படம் போட்டிருக்குமே, அந்தக் காலண்டர். ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமையைச் சிவப்பு மையால் கட்டம் கட்டினேன். அதுவரை வரும் எல்லாச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் பென்சிலால் வட்டம் போட்டேன். போய்வந்த நாளைக் குறுக்கே கோடிட்டு அடிப்பது, போகாத நாளை வட்டமாகவே விடுவது என்று ஏற்பாடு.

பிப்ரவரியிலேயே வட்டங்கள் மிஞ்ச ஆரம்பித்தன.

எங்கள் தாமான் கோலசிலாங்கூர் பட்டணத்திலிருந்து ஈஜோக் பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது. மருத்துவமனை ஆற்றுக்கு அந்தப் பக்கம், தஞ்சோங் காராங் போகும் வழியில். பேருந்து வரும், ஆனால் அதன் படியில் அவரால் ஏற முடியாது. கைப்பேசியில் கூப்பிடுகிற கார்கள் எங்கள் இடத்தின் பெயரைப் பார்த்ததுமே மனம் மாறிவிடும். எங்கள் ஒரே மகள் ஜொகூரில் வேலை பார்க்கிறாள். மாதம் ஒருமுறை இரண்டு நாள் வந்து, இருக்கும் வரை அழுதுவிட்டுப் போவாள். அடுத்த வீட்டு அக்காவின் மருமகனிடம் ஒரு வேன் இருந்தது. நல்ல மனிதர். முதல் மூன்று வாரம் அவரே வந்து ஹார்ன் அடித்தார். நான்காவது வாரம் நான் போய்க் கேட்க வேண்டியிருந்தது. ஆறாவது வாரம், நான் அவர்கள் வாசலுக்கு வருவதைப் பார்த்ததும் வீட்டுக்குள் தொலைக்காட்சியின் சத்தம் குறைந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது. வாரம் இரண்டு காலைப்பொழுதுகளை அடுத்தவர் நோய்க்காக யாரால் எத்தனை நாள் தர முடியும்?

என் கணவருடைய மோட்டார் சைக்கிள் வாசலில்தான் நின்றது. முப்பது வருடமாக அவர் மாற்றி மாற்றி ஓட்டிய கியர் வண்டிகளில் கடைசி. அவர் தோட்டத்தில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர், ஆனால் லோரி வெறும் வேலை, மோட்டார் சைக்கிள்தான் வீடு என்பது மாதிரி இருப்பார். திருமணமான நாளிலிருந்து நான் அதன் பின்னிருக்கையில்தான் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது. கற்றுக்கொள்ளத் தோன்றியதும் இல்லை.

மார்ச் மாதம் முதல் வாரம், ஓர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, நான் உரிமம் எடுக்கப் போகிறேன் என்றேன். அவர் வாசலைப் பார்த்தார்.

"எடு," என்றார். "ஆனா அதுல கை வைக்காத. ரெண்டு மாசத்துல நானே எடுப்பேன்."

வலது கையால் சாப்பிட்டு முடித்து, இடது கையை மடியிலிருந்து தூக்கி மேசைமேல் வைத்துவிட்டு அவர் இதைச் சொன்னார். அந்த வண்டியில் நான் கற்றுக்கொண்டால், அவர் இனி அதை ஓட்டப் போவதில்லை என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதாக ஆகும். அதனால்தான் வேறு வண்டி வாங்க முடிவு செய்தேன். அவர் ஏறி உட்காரவும் இருக்கை தாழ்வான ஸ்கூட்டர்தான் தோது என்று அக்காவிடம் காரணம் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

"தங்கச்சி, இந்த வயசுல மோட்டாரா? விழுந்தா யாரு யார பாக்கறது?" என்று அக்கா கேட்டார்.

புத்தகம் படித்தால் எதையும் கற்றுவிடலாம் என்று நம்பி வளர்ந்தவள் நான். சாலை விதிப் புத்தகத்தை இரண்டு முறை படித்தேன். கணினித் தேர்வில் முதல் தடவையே தேறினேன். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பிள்ளைகளுக்கெல்லாம் பதினாறு, பதினேழு வயது. பிறகு நோன்பு மாதம் வந்தது. பயிற்சி வகுப்புகள் குறைந்தன. மைதானத்தில் கற்றுக்கொடுத்த மலாய்க்காரப் பயிற்றுநர் பொறுமைசாலி. நான் ஒவ்வொரு முறை வண்டியோடு சாயும்போதும் தண்ணீர்கூடக் குடிக்காத வாயால் "பரவாயில்லை, இன்னொரு தடவை" என்பார். தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் ஒரு நீளப் பலகை. அதிலிருந்து இறங்கிவிடாமல், விரட்டவும் செய்யாமல், மெதுவாகக் கடக்க வேண்டும். ஏப்ரல் கடைசியில் நடந்த தேர்வில் பாதிப் பலகையில் இறங்கிவிட்டேன்.

"எங்க விழுந்த?" என்று என் கணவர் கேட்டார். வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு ரப்பர் பந்தை இடது கையால் அமுக்கிக்கொண்டிருந்தார். பந்து அமுங்கவில்லை.

"பாதியில."

"கீழ பாத்திருப்ப."

உண்மைதான். மே மாத நடுவில் மறுதேர்வு. பலகையைப் பார்க்காமல், மைதானத்தின் கோடியில் இருந்த தண்ணீர்த் தொட்டியையே பார்த்துக்கொண்டு கடந்தேன். உரிமம் கிடைத்த அன்று காலண்டரில் மூன்றரை மாதம் போயிருந்தது. வட்டமாகவே நின்ற நாட்களை எண்ணினேன். பத்தொன்பது. ஒருமுறை எண்ணியதோடு சரி, மறுபடி எண்ணவில்லை.

ஸ்கூட்டர் செரண்டா என்ற ஊரில் கிடைத்தது. மே மாதக் கடைசி ஞாயிறு. அவரோடு வேலை செய்த லோரிக்கார நண்பர் அவரைத் தூக்கி முன்னிருக்கையில் ஏற்றி, தன் லோரியிலேயே எங்கள் இருவரையும் அழைத்துப் போனார். விற்றவள் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண், முப்பது வயதுகூட இருக்காது. வீட்டுப் பக்கவாட்டில் நீலத் தார்ப்பாய்க்கு அடியில் நிறுத்தி வைத்திருந்தாள். தார்ப்பாயை எடுத்தபோது பல்லி முட்டைகள் உதிர்ந்தன. மூன்றாயிரத்து நூற்றுப் பதினெட்டு கிலோமீட்டர் ஓடியிருந்தது. வாங்கி இரண்டு வருடம் ஆன வண்டிக்கு அது ஒன்றுமேயில்லை.

ஏன் விற்கிறாள் என்று கேட்டேன். மழை பெய்த ஒரு நாள் சந்திப்பில் வழுக்கி விழுந்தாளாம். பெரிய அடி இல்லை. அதற்குப் பிறகு தொழிற்சாலைப் பேருந்தில்தான் போகிறாள்.

"வண்டி ஒண்ணும் செய்யல ஆண்ட்டி. நாந்தான் பயந்துட்டேன் லா," என்றாள். கொஞ்சம் வெட்கப்பட்டு, "பயம் வண்டியோட சேந்து வராது, அதனால கவலப்படாதீங்க," என்று சிரித்தாள்.

என் கணவரால் லோரியின் முன்னிருக்கையை விட்டு இறங்க முடியாது. கதவைத் திறந்துவைத்து அங்கிருந்தே பார்த்தார். கிளப்பச் சொன்னார். கண்ணை மூடிச் சத்தத்தைக் கேட்டார். வேகத்தைக் கூட்டச் சொன்னார், குறைக்கச் சொன்னார். பிறகு வண்டியை அந்தப் பக்கம் திருப்பச் சொன்னார். இடது கண்ணாடியின் விளிம்பிலும் இடது கைப்பிடியின் நுனியிலும் கீறல் இருந்தது.

"இதுவும் இடது பக்கந்தான் விழுந்திருக்கு," என்றார்.

நண்பர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். என் கணவர்தான் முதலில் சிரித்தார். ஜனவரிக்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

லோரியின் பின்னால், குலைகளின் எண்ணெய்க் கறை படிந்த தட்டில், பழைய டயர் டியூப்பை வெட்டிய ரப்பர் பட்டைகளால் ஸ்கூட்டரைக் கட்டி எடுத்து வந்தோம். தோட்டத்து ஆட்கள் எதையும் இப்படித்தான் கட்டுவார்கள். முடிச்சு கிடையாது, இழுத்துச் சுற்றி, நுனியைச் சுற்றுக்கு அடியில் சொருகிவிட வேண்டும். ஓட்டத்தில் இறுகும், வேண்டும்போது ஓர் இழுப்பில் கழன்றுவிடும். என் கணவருடைய மோட்டார் சைக்கிளின் பின்கம்பியிலும் அப்படி ஒன்று எப்போதும் சுற்றியிருக்கும்.

விழுந்த வண்டி என்பதால் கழிப்புக் கழிக்காமல் ஓட்டக் கூடாது என்று அக்கா பிடிவாதமாக நின்றார். சாலையோர முனியாண்டி கோயிலில் தேங்காய் உடைத்து, இரண்டு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். நான் ஏறி உட்கார்ந்து கைப்பிடியை முறுக்கினேன். வண்டி அசையவில்லை, பயந்துபோய் நான் பிரேக்கையும் சேர்த்துப் பிடித்திருந்தேன். பூசாரி காத்திருந்தார். அக்கா காத்திருந்தார்.

"ரெண்டு எலுமிச்சம்பழத்த நசுக்கவே இவ்வளவு நேரமா?" என்று மரத்தடி நாற்காலியிலிருந்து என் கணவரின் குரல் வந்தது.

ஜூன் மாதம் முழுக்க நான் ஓட்டிப் பழகினேன். விடிந்ததும் தாமானுக்குப் பின்னால் உள்ள செம்பனைத் தோட்டத்து மண்சாலை. முதல் நாள் இரண்டு கிலோமீட்டர். மறுநாள் நான்கு. போகப் போக, மீட்டர் காட்டியதைத் தினமும் குறித்தேன். மண்சாலையில் எதிரே யாரும் வருவதில்லை, ஆனால் லோரியிலிருந்து உதிர்ந்த பழங்கள் வழியெங்கும் கிடக்கும். அவற்றின்மேல் ஏறினால் சக்கரம் எண்ணெய்மேல் ஏறியது போல நழுவும். இரண்டு முறை நழுவினேன். ஒருமுறை முழங்கால் தேய்ந்தது. வீட்டில் சொல்லாமல் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டேன். அவர் என் நடையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்.

தார்ச்சாலைக்கு வந்தபோது எனக்கு வலது பக்கம் திரும்ப வராது என்பது தெரிந்தது. இரு திசையிலும் லோரிகள் வரும்போது சாலை நடுவில் நின்று சந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. அதனால் வலது திரும்ப வேண்டிய இடங்களிலெல்லாம் இடது திரும்பி, தூரத்து வட்டச் சந்திப்பு வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தேன். இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் சந்தைக்கு ஏழு கிலோமீட்டர் ஓட்டிப் போய்வந்த பெண் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். திரும்பிய பிறகு சிக்னலை அணைக்க மறந்துவிடுவேன். வீட்டு வாசலுக்கு வரும்போது அது டிக், டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும். உள்ளேயிருந்து அவர், "சிக்னல்," என்பார். அவ்வளவுதான், ஒரே சொல். நான் அணைப்பேன்.

ஆற்றுப் பாலத்தைத் தனியாக மூன்று முறை கடந்த பிறகுதான் அவரை ஏற்றிக்கொள்ளும் தைரியம் வந்தது. பாலத்தின்மேல் காற்று பக்கவாட்டில் அடிக்கும். மணல் லோரி கடக்கும்போது வண்டி முதலில் தள்ளப்படும், பிறகு இழுக்கப்படும். அதற்கு உடம்பு பழகியிருந்தது. ஜூன் மூன்றாம் வாரம் செவ்வாய்க்கிழமை. வண்டியை நடுத் தாங்கியில் நிறுத்தி, வாசல் படியிலிருந்து அவரை இருக்கையில் உட்காரவைத்து, இடது காலை நான் தூக்கி அந்தப் பக்கம் போட்டு, பாதத்தைக் கால்மிதியில் வைத்தேன். நான் முன்னால் ஏறிக்கொண்டேன். வண்டி தாங்கியிலிருந்து இறங்க அக்கா பின்கம்பியைப் பிடித்துத் தள்ளினார். முப்பது வருடத்தில் முதல்முறையாக அவர் எனக்குப் பின்னால் இருந்தார். அவர் வலது கை என் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருந்தது, தேவைக்கு மேல் இறுக்கமாக. மருத்துவமனையில் சிகிச்சைப் பெண் எங்கள் தலைக்கவசங்களைப் பார்த்துவிட்டு இருவரில் யார் ஓட்டியது என்று கேட்டாள். அவர் என்னைக் காட்டினார். அன்று காலண்டரில் நான் அடித்த கோடு கொஞ்சம் நீளம்.

வியாழக்கிழமை விழுந்தோம்.

பட்டணத்துச் சாலை விளக்கு. மஞ்சள் விழுந்தது, நான் மெதுவாகப் பிரேக் பிடித்தேன், வண்டி நின்றது, என் இரண்டு கால்களையும் ஊன்றினேன். எல்லாம் சரியாகச் செய்தேன். இன்றுவரை அந்தக் கணத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்து அதைச் சொல்கிறேன். பின்னால் ஒரு சிறு அசைவு. அவருடைய இடது பாதம் கால்மிதியிலிருந்து இறங்கியது. முப்பது வருடம் ஒவ்வொரு விளக்கிலும், ஒவ்வொரு சந்திப்பிலும், வண்டி நிற்கும்போது அந்தக் கால்தான் இறங்கித் தரையைத் தொட்டிருக்கிறது. அது தொட்டது. தொட்ட கால் தாங்கவில்லை. முழங்கால் மடிந்தது, அவர் எடை முழுவதும் இடது பக்கம் போனது, வண்டியும் அவரோடு போனது, நானும் போனேன்.

ஓரத்தில் இளநீர் விற்ற மலாய்க்கார அம்மாளும் காரிலிருந்து இறங்கிய இரண்டு இளைஞர்களும் ஓடிவந்து வண்டியைத் தூக்கினார்கள். எனக்கு முழங்கை தேய்ந்தது. அவருக்கு இடது கணுக்கால் வண்டிக்கு அடியில் போயிருந்தது. தார்ச்சாலையில் உட்கார்ந்தபடி, அடிபட்ட தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் விடல," என்றார். "அதுவா போச்சி."

எலும்பு முறியவில்லை. ஆனால் கணுக்கால் வீங்கி, மூன்று வாரம் ஊன்றக் கூடாது என்றார்கள். பயிற்சியும் நிறுத்தப்பட்டது. ஒரு முழு மாதத்தின் வட்டங்கள் வட்டங்களாகவே நின்றன. அதுவரை ஊன்றுகோலோடு வாசல்வரை நடந்துகொண்டிருந்தவர் அறைக்கும் குளியலறைக்கும் நடுவே சுருங்கிப்போனார். அந்த மூன்று வாரத்தில் இழந்ததை அவர் திரும்பப் பெறவில்லை. இதை எழுதும் இன்றும் பெறவில்லை.

வீக்கம் வற்றிய பிறகு, மறுபடி போகலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

"நீ நல்லாத்தான் ஓட்டற. நாந்தான் சரியில்ல."

அவர் என்மேல் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அக்காவின் மருமகன் இரண்டு முறை வேனில் அழைத்துப் போனார். மற்ற நாட்களில் நான் தனியாகப் போய் மாத்திரை வாங்கி வந்தேன். ஜூலை மாதம் நான் ஓட்டிய ஓட்டத்தை இப்போது குறிப்புகளில் பார்த்தால் எனக்கே வியப்பாக இருக்கிறது. பாலம், மழை, பள்ளிவாசல் முன்னால் வெள்ளிக்கிழமை நெரிசல். வலது பக்கம் திரும்பினேன். ஒரு சாயங்காலம், எதிரே வந்த குலை லோரிக்கும் பின்னால் வந்த காருக்கும் நடுவே சந்து பார்த்துத் திரும்பிவிட்டு, திரும்பியதே தெரியாமல் இருநூறு அடி போன பிறகுதான் நான் பயப்படவில்லை என்பது உறைத்தது. ஓரமாக நிறுத்தினேன். பின்னிருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். காலியான இருக்கைமேல் மருந்துப் பை இருந்தது.

சிக்னலை அணைக்கவும் பழகிவிட்டேன். அதனால் வாசலில் வந்து நிற்கும்போது அவர் சொல்வதற்கு எதுவும் இருக்கவில்லை. பல நாட்கள் அந்த ஒரு சொல்தான் அவர் எனக்குச் சொன்னது என்பதை அது நின்ற பிறகுதான் கவனித்தேன்.

சிவப்புக் கட்டம் போட்ட வியாழக்கிழமை வந்தது. மறுபரிசோதனை நாள். வேனில் போனோம். மருத்துவர் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், விரல்களை விரிக்கச் சொன்னார். பிறகு கனிவாகவே சொன்னார். இனிமேல் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்க வேண்டாம். இனிப் பயிற்சி, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான். அதையும் விட்டால் கால் இறுகிப் போகும், உள்ளதும் போய்விடும். வாரம் ஒருமுறையாவது வர வேண்டும்.

திரும்பும் வழியில் அவர் வேன் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. வீட்டில் நான் காலண்டரை எடுத்து மடித்து அலமாரிக்குள் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை லோரிக்கார நண்பர் வந்தார். நான் கூப்பிடவில்லை. என் கணவர் கூப்பிட்டிருக்கிறார். வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் மூடுதுணியை நண்பர் எடுத்தார். என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது.

"அண்ணே, அவசரம் இல்ல லா. நிக்கட்டும்," என்று நண்பர் மெதுவாகச் சொன்னார்.

"எங்க நிக்கறது? வெயில்ல டயர் செத்துப்போயிரும். ஓட்டற ஒன் கையில இருக்கட்டும்."

நண்பரும் அக்காவின் மருமகனும் பலகை வைத்து லோரியில் ஏற்றினார்கள். அதே லோரி, அதே தட்டு. நண்பர் தன் ரப்பர் பட்டைகளை எடுத்தார். வண்டியின் பின்கம்பியில் சுற்றியிருந்த பட்டையையும் கழற்றி அதனாலேயே கட்டப் போனபோது என் கணவர், அதை மட்டும் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார். நண்பர் அதை அவர் கையில் கொடுத்தார். லோரி தெருமுனையில் திரும்பும்வரை என் கணவர் பார்த்தார். பிறகு அந்தப் பட்டையை மடியில் வைத்துக்கொண்டு அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தார். ஏதோ ஒன்று மிச்சம் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டார் என நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் மாத்திரை வாங்கக் கிளம்பியபோது அவர் சட்டை போட்டு வாசல் படியில் நின்றுகொண்டிருந்தார். பொத்தான்களை ஒரு கையால் தானே போட்டிருந்தார். ஒன்று மாறிப் போயிருந்தது. ஊன்றுகோல் சுவரில் சாய்ந்திருந்தது. வலது கையில் ரப்பர் பட்டை.

"கட்டு," என்றார்.

முதலில் விளங்கவில்லை. அவர் தன் இடது காலைப் பார்த்தார், பிறகு ஸ்கூட்டரின் கால்மிதியைப் பார்த்தார். அப்போதுதான் விளங்கியது. மறுபடி விழுந்தால் கட்டிய கால் வண்டியோடுதான் போகும் என்றேன். கணுக்கால் இந்த முறை முறியும் என்றேன். அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, இது என்ன கூத்து என்று கேட்டார்.

"முடிச்சு போடாத. சுத்திச் சொருவு. விழுந்தா தன்னால கழண்டுக்கும்," என்றார். பிறகு தன் இடது தொடையைத் தட்டி, "அது நான் சொன்னா கேக்க மாட்டேங்குது," என்றார்.

அவரை ஏற்றி உட்காரவைத்தேன். மண்டியிட்டு அந்தக் காலைக் கால்மிதியில் வைத்தேன். ஆறு மாதத்தில் அது மெலிந்து, தோல் பளபளத்து, வேறு யாருடைய காலோ போல இருந்தது. பட்டையை இரண்டு சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில் அவர் குனிந்து, வலது கை விரலால் நுனியை எங்கே சொருக வேண்டும் என்று காட்டினார். சொருகினேன். இழுத்துப் பார்த்தேன். தாங்கியது. இன்னும் பலமாக இழுத்தேன். கழன்றது. மறுபடி சுற்றினேன்.

அவர் சட்டைப் பொத்தானைச் சரியாக மாற்றிப் போட்டுவிட்டு நான் ஏறினேன்.

அதே வழிதான், வேறு வழி கிடையாது. விளக்கு தூரத்தில் பச்சையாக இருந்தது. மாறாமல் இருக்க வேண்டுமென்று நினைத்தேன். மாறியது. பிரேக் பிடித்தேன். வண்டி நின்றது. இரண்டு கால்களையும் அகலமாக ஊன்றி, வரப்போவதற்குக் காத்திருந்தேன்.

வந்தது. பின்னால், இடது பக்கம், ரப்பர் இழுபட்டது. வண்டி ஒரு விரற்கடை சாய்ந்தது. நான் எதிர்ப்பக்கம் எடையைப் போட்டேன். இறங்கப் பார்த்த காலைப் பட்டை திரும்பக் கொண்டுவந்து வைத்தது. மறுபடி ஓர் இழுப்பு, சற்று மெதுவாக. பிறகு நின்றுவிட்டது.

இளநீர் விற்கும் அம்மாள் எங்களை அடையாளம் கண்டு எழுந்து நின்றிருந்தார்.

"மறுபடி போச்சா?" என்று திரும்பாமல் கேட்டேன்.

"போச்சி," என்றார்.

அவர் நெற்றியை என் முதுகில் வைத்திருந்தார், தலைக்கவசத்தோடு. பின்னாலிருந்து லோரி ஒன்று ஹார்ன் அடித்தது. பச்சை விழுந்திருந்தது. நான் முறுக்கினேன்.